ஆற்றங்கரையில் ஆளில்லாத குடில்: நி ட்ஸான் பாணியில் சீன மை ஓவியம் வரைய முழுமையான வழிகாட்டி

கீழே ஒரு பாறைக்கரை. அதில் சில மெலிந்த மரங்கள். பக்கத்தில் நான்கு கால்களில் நிற்கும் ஓலைக்குடில், உள்ளே யாரும் இல்லை. நடுவில் அகன்ற நீர். அதற்கு அப்பால் தாழ்ந்த மலைகள். சீன அறிஞர் ஓவியர்கள் ஒதுங்கி வாழும் இடத்தைக் காட்ட எத்தனையோ வழிகளைக் கையாண்டார்கள். அவற்றில் மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டது இதுதான்.

இந்த வழிகாட்டி அத்தகைய அறிஞர் ஓவியர்களில் ஒருவரான நி ட்ஸான் (1301–1374) 1372-இல் வரைந்த ‘ரோங்ஷி குடில்’ ஓவியத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறது. அது தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாளில் மை மட்டும்; உயரம் 74.7 செ.மீ., அகலம் 35.5 செ.மீ.

தொடங்குமுன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சீன மை ஒளிபுகும் மை. அடியில் இருப்பதை மேலே போடும் கோடு மறைக்காது. அதனால் முன்னால் இருப்பதை முதலில் வரைந்து, பின்னால் இருப்பதை அதற்கு அப்புறம்தான் வரைய வேண்டும். கீழே வரும் படிகளின் வரிசை முழுக்க இந்த ஒரு காரணத்தில் நிற்கிறது. புதியவர்கள் இடறுவதும் பெரும்பாலும் வரிசையை மாற்றுவதால்தான்: குடில்தானே படத்தின் தலைப்பு என்று அதை நடுவில் முதலில் வரைந்துவிடுகிறார்கள். பிறகு மரத்துக்கும் பாறைக்கும் இடமில்லாமல் போகிறது.

1. படத்தைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்

மூல ஓவியத்தின் நல்ல படம் ஒன்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் தேடி எடுத்து, முழுத் தாள் அளவுக்கு அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். கைபேசித் திரையில் பார்த்து வரைந்தால் கோட்டின் வறட்சி தெரியாது. இந்தப் பாணியின் உயிர் அந்த வறட்சியில்தான் இருக்கிறது.

பார்க்கும்போது மூன்று கேள்விகள். நீரின் பங்கு எவ்வளவு? மரங்களின் உச்சி எதுவரை ஏறுகிறது? மிகக் கருத்த இடங்கள் எங்கெங்கே இருக்கின்றன? கடைசிக் கேள்விக்கு விடை தேடினால் அடர்ந்த கருமை எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்பது தெரியும்.

2. தேவையான பொருள்கள்

தாள்: ஷுவான் தாள், மை ஓவியத்துக்கான சீனத் தாள். எதுவும் பூசாத ‘பச்சை’த் தாள் மையை உடனே உறிஞ்சிப் பரப்பும். படிகாரமும் பசையும் பூசிய தாள் உறிஞ்சாது. இரண்டுக்கும் நடுவே பாதி உறிஞ்சும் தாள் கிடைக்கிறது, தொடங்குபவர்கள் அதை வாங்குங்கள். பச்சைத் தாளில் தயங்கி நின்ற ஒவ்வொரு நொடியும் கறையாகிவிடும். முழுக்கப் பூசிய தாளிலோ மை மேலேயே நின்று, வறண்ட கோட்டில் அழுத்தம் ஏறாது. கடையில் கேட்டுத் தெரியவில்லை என்றால் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதே பதில்.

வழக்கமான ‘நான்கு அடி’ ஷுவான் தாள் 138 × 69 செ.மீ. அதை நான்காக வெட்டினால் 69 × 34.5 செ.மீ. வரும். மூல ஓவியத்தின் அளவுக்கு நெருங்கிய அளவு இது. தாளின் வழுவழுப்பான பக்கம் மேலே இருக்கட்டும்.

தூரிகை: மரநாய் வகை விலங்கின் வால்முடியில் செய்த நடுத்தரத் தூரிகை ஒன்று, கோடுகளுக்கு. ஆட்டுமுடித் தூரிகை ஒன்று, மெல்லிய மை பூச. முதல் வகை விறைப்பாக நின்று திரும்பும், இரண்டாவது நீரை நிறையத் தாங்கும். புதுத் தூரிகையின் முனையில் பசை இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டுக் கரையுங்கள். கொதிநீர் வேண்டாம், அடியில் முடியைப் பிடித்திருக்கும் பசையும் இளகிவிடும்.

மற்றவை: மைக்கட்டி, மைக்கல், இரண்டு கிண்ணம் நீர் (ஒன்று கழுவ, ஒன்று கலக்க), வெள்ளைப் பீங்கான் தட்டு, தாளுக்கு அடியில் விரிக்கக் கம்பளித் துணி, ஓரங்களில் வைக்க எடைகள், நீரை ஒற்றியெடுக்க உறிஞ்சும் தாள். தட்டு வெள்ளையாக இருந்தால்தான் மையின் அடர்த்தி கண்ணுக்குப் பிடிபடும். கம்பளித் துணியை விட்டுவிட்டு மேசைமேல் நேராகத் தாளை வைத்தால், அடியில் தங்கும் மை தாளின் பின்புறம் தேங்கிக் கறையாகும்.

3. மை அரைத்தல்

மைக்கல்லில் அரை தேக்கரண்டி சுத்தமான நீர் விடுங்கள். மைக்கட்டியை நிமிர்த்திப் பிடித்து, அழுத்தாமல், மெதுவாக வட்டமாகச் சுற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். வேகமாக அரைத்தால் துகள் பெரிதாகிவிடும், நீர் சேர்த்து வெளிறச் செய்யும்போது அது பொரிபொரியாகத் தெரியும். கட்டி நகரும்போது பின்னால் விழும் தடம் உடனே மூடாமல் சற்று நின்றால் மை தயார்.

அரைத்து முடித்ததும் கட்டியைத் துடைத்து வையுங்கள். கல்லின்மேல் விட்டால் ஒட்டிக்கொள்ளும்.

புட்டியில் வரும் மை பயிற்சிக்குப் போதும். ஆனால் அதை நீர்த்தால் வரும் சாம்பல் நிறம் தட்டையாக இருக்கும். முழுப் படத்தையும் வெளிர் மையில் கட்டும் இந்தப் பாணிக்கு அது பொருந்தாது. நேற்று அரைத்த மையையும் தவிருங்கள். அதில் பசை வலுவிழந்திருக்கும். கடைசியில் படத்தின் பின்புறம் இன்னொரு தாள் ஒட்டும்போது ஈரம் பட்டால் கோடுகள் கலங்கும்.

தட்டில் மூன்று குழி எடுத்து வெளிர், நடுத்தரம், அடர்த்தி என மை கலந்து வையுங்கள். வெளிர் மையைத் தூரிகை முழுவதும் ஏற்றிவிட்டு முனையில் மட்டும் அடர்த்தியைத் தொடுங்கள். அப்போது ஒரே கோட்டில் கருமை கரைந்து சாம்பலாக முடியும். இதைத் தலைகீழாகச் செய்தால் தூரிகையின் வயிறு முழுக்கக் கருத்துவிடும், கோடு எங்கே வைத்தாலும் ஒரே நிறம்தான்.

4. நீரை அடக்கப் பழகுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் அவசரம். தயவுசெய்து இங்கே நில்லுங்கள். நான் பார்த்த கெட்டுப்போன படங்களில் பெரும்பாலானவை உருவம் தவறியதால் கெடவில்லை. தூரிகையில் நீர் கூடிப்போனதுதான் காரணம்.

அதே தாளில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். தூரிகையில் ஒருமுறை மை ஏற்றி, மறுபடி தொடாமல் கோடு கோடாக இழுத்துக்கொண்டே போங்கள். முதல் கோடுகள் ஈரமாகப் பரவும். அப்புறம் ஓரம் தெளியும். பிறகு கோட்டின் நடுவே தாளின் வெள்ளை எட்டிப்பார்க்கத் தொடங்கும். கடைசியில் தூரிகை வெறுமனே உரசும். வெள்ளை எட்டிப்பார்க்கும் அந்தக் கட்டம்தான் நமக்கு வேண்டியது. பாறை, கரை, தொலைமலை எல்லாமே அதில் வரும்.

மை ஏற்றியதும் நேராகப் படத்துக்குப் போகாமல், தூரிகையின் வயிற்றை உறிஞ்சும் தாளில் ஒருமுறை ஒற்றுங்கள். பிறகு துண்டுத் தாளில் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள். இது கடைசிவரை விடக்கூடாத பழக்கம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள் அல்லது தள்ளி உட்காருங்கள். காற்று நேராகப் பட்டால் தூரிகை பாதிக் கோட்டிலேயே காய்ந்துவிடும், நீங்கள் நீர் சேர்ப்பீர்கள், மறுபடி ஈரம் கூடும்.

பிடிப்பில் இரண்டு வகை. தூரிகையை நிமிர்த்தி, முனை கோட்டின் நடுவே ஓடும்படி இழுத்தால் உருண்ட, உறுதியான கோடு கிடைக்கும். மரத்தண்டு, கிளை, குடில் மூன்றுக்கும் இது. தூரிகையைச் சாய்த்து, முடியின் பக்கவாட்டால் இழுத்தால் அகன்ற, ஓரம் சிதைந்த கோடு வரும், பாறைக்கு அது.

5. தாளைப் பிரித்தல்

பென்சில் கோடு வேண்டாம். வெளிர் மைக்கு அடியில் அது தெரியும், அழிப்பான் பட்டால் தாளின் மேற்பரப்பு பிய்ந்து அந்த இடத்தில் மை பரவும். மென்மையான மரக்கரித் துண்டால் மிக லேசாகக் குறியிட்டு, பிறகு தட்டிவிடுங்கள். கரியில் பூர்வாங்கக் கோடு போடுவது சீன ஓவியர்களின் பழைய வழக்கம்தான்.

69 செ.மீ. உயரத் தாளில் நான் சொல்லித்தரும் பிரிவு இது: அடியிலிருந்து ஏறத்தாழ 20 செ.மீ. முன்கரை. அதற்குமேல் 22 செ.மீ. நீர். பிறகு 12 செ.மீ.க்குள் தொலைமலை. மிச்சம் வானம், எழுத்துக்கும் அங்கேதான் இடம். மரங்களின் உச்சி நீர்ப்பகுதிக்குள் ஏறிப் போகட்டும். அவைதான் கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் சேர்க்கின்றன. ஆனால் உச்சி எதிர்க்கரைக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கக் கூடாது. தொட்டால் மரமும் மலையும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல ஆகி, நடுவில் இருந்த நீர் காணாமல் போகும். தெளிவாகக் கீழே நிறுத்துங்கள்.

6. மரங்கள்

மை தொடும் முதல் பொருள் மரம். முன்னால் நிற்கும் மரத்திலிருந்து தொடங்குங்கள்.

தண்டின் ஒரு பக்கக் கோடு, மறுபக்கக் கோடு, பிறகு கிளைகள். கோட்டை ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போகாதீர்கள். சற்று நின்று, திரும்பி, மறுபடி நகர வேண்டும். மரப்பட்டையின் முரடு அந்தத் தயக்கங்களில்தான் பிறக்கிறது.

மரத்துக்கு நான்கு பக்கமும் கிளை என்பது சீன ஓவியப் பாடங்களில் முதலில் சொல்வது. புதியவர்கள் இடம், வலம் மட்டும் கிளை வைக்கிறார்கள், மரம் மீன்முள்ளாகிவிடுகிறது. ஒரு கிளையாவது தண்டை முன்புறம் குறுக்கே வெட்டி வர வேண்டும், ஒன்றாவது தண்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்க்க வேண்டும். முன்னால் வரும் கிளைக்குத் தண்டுக்கோட்டில் முதலிலேயே இடைவெளி விட்டு வையுங்கள். மை மறைக்காது என்பதை மறந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கைந்து மரம் போதும். எல்லாமே நேராக நின்றால் வேலி. ஒன்று நிமிர்ந்திருந்தால் பக்கத்தில் ஒன்று சாயட்டும். அடிகள் ஒரே கோட்டில் வர வேண்டாம். நி ட்ஸான் 1345-இல் வரைந்த ‘ஆறு கனவான்கள்’ ஓவியத்தை ஷாங்காய் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் பாருங்கள். ஒரே மேட்டில் ஆறு மரங்கள், குடில்கூட இல்லை. ஒவ்வொன்றின் நிற்பும் இலையும் வேறு. மரக்கூட்டத்துக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இலைகள் புள்ளிகளால் ஆனவை. ஒரு மரத்துக்கு ஒரு வகைப் புள்ளி: படுக்கையான குறுங்கோடு ஒரு மரத்துக்கு, மிளகுபோல் உருண்ட புள்ளி இன்னொன்றுக்கு, கீழ்நோக்கித் தொங்கும் மூன்று சிறு கோடுகள் மற்றொன்றுக்கு. ஒரு மரம் இலையே இல்லாமல் நிற்கட்டும். ஒரே மரத்தில் எல்லாவற்றையும் கலந்தால் எந்த மரமும் அடையாளம் பெறாது. கிளையின் பாதியாவது வெறுமையாகத் தெரியும்படி நிறுத்துங்கள்; இலை அடர்ந்தால் பின்னாலுள்ள நீர் மறைந்துபோகும்.

7. பாறையும் கரையும்

பாறைக்கு மூன்று முகம்: மேல், முன், பக்கம். வெளிர், வறண்ட மையில் வெளிக்கோட்டைப் போடுங்கள். மேல்முகம் ஏறத்தாழ வெறும் தாளாகவே இருக்கும். மரத்தண்டு இருக்கும் இடத்தில் கோடு நின்று, அந்தப் பக்கம் தொடர வேண்டும்.

பாறையின் மேற்பரப்பைக் காட்ட ஒவ்வொரு ஓவியரும் ஒரு வகைக் கோட்டைப் பயன்படுத்துகிறார். நி ட்ஸானுடையதைச் சீன ஓவியர்கள் ‘மடித்த நாடா’ என்கிறார்கள். தூரிகையைச் சாய்த்து வைத்து, படுக்கையாக இழுத்து, நிறுத்தாமல் முனையைத் திருப்பி, சாய்வாகக் கீழே இழுத்து விடுங்கள். படுக்கைப் பகுதி பாறையின் விளிம்பாகவும், இறங்கும் பகுதி அதன் பக்கமாகவும் ஆகும். திரும்பும் இடத்தில் கை நின்றால் ஒரு கரும்புள்ளி விழும். மணிக்கட்டு மட்டும் திரும்பாமல் முன்னங்கையும் சேர்ந்து நகர்ந்தால் அது வராது. துண்டுத் தாள் நிறைய இதைப் போட்டுப் பழகிவிட்டு வாருங்கள்.

மூன்று அடுக்கு: முதலில் வெளிர், காய்ந்ததும் அதற்கிடையே நடுத்தரம், மறுபடி காய்ந்ததும் பள்ளங்களிலும் பாறை அடியிலும் மட்டும் கொஞ்சம் அடர்த்தி. வெளிரில் தவறினால் அடுத்த அடுக்கில் திருத்தலாம், அடர்த்தியில் தவறினால் திருத்த வழியே இல்லை. வரிசைக்குக் காரணம் அவ்வளவுதான்.

பரவலான பிழை இரண்டு. பாறையைச் சுற்றிக் கருத்த கோடு போட்டு மூடுவது ஒன்று. அப்புறம் உள்ளே எத்தனை கோடு போட்டாலும் பாறை வெட்டி ஒட்டியதாகவே தெரியும். மேல்முகம்வரை கோடுகளால் நிரப்புவது மற்றொன்று.

8. குடில்

மரமும் பாறையும் அமைந்தபின், அவற்றுக்குப் பக்கத்தில் எஞ்சும் சமதரையில் குடிலுக்கு இடம் பாருங்கள். நடுவில் வேண்டாம். இந்தத் தாள் அளவுக்கு நான்கு செ.மீ. அகலம் தாராளம். குடில் பெரிதானால் மரம் குட்டையாகும், நீர் குறுகும், ஒதுக்கிடம் என்ற உணர்வு போய்விடும்.

முதலில் கூரையின் உச்சி, சரிவுகள், கீழ் விளிம்பு. பிறகு நான்கு கால்கள். முன்னிரு கால்கள் தாளில் சற்று நீளமாகவும், பின்னிரு கால்கள் சற்று மேலே முடிவதாகவும் இருந்தால் தரை தானாக விரியும். அளவுகோல் வைக்காதீர்கள். அளவுகோல் கோடு சுற்றியுள்ள கைக்கோடுகளோடு சேராது. ஓலையைக் காட்ட நான்கைந்து வறண்ட கீற்று போதும், கூரையைக் கருப்பாக நிரப்ப வேண்டாம்.

கால்களுக்கு நடுவே எதுவும் வரையாதீர்கள். அங்கே தெரிவது வெட்டவெளி. புத்தகம் படிக்கும் ஒரு அறிஞரை உள்ளே உட்கார வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேறு ஓவியர்கள் அழகாக வைத்திருக்கிறார்கள். இந்தப் படத்தில் வைத்தால் பார்ப்பவர் அவரைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றுவிடுவார். வெறுமையாக விட்டால் கண் நேராக உள்ளே போய், அங்கிருந்து நீரைப் பார்க்கிறது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

9. நீர்

ஒன்றும் செய்யாதீர்கள். அலைக்கோடு, படகு, பறவை, மெல்லிய மைப் பூச்சு எதுவும் வேண்டாம். கரையை ஒட்டி ஒன்றிரண்டு படுக்கைக் கோடுகள் மட்டும், மணல்திட்டுகளாக. தாள் வெள்ளையாக இருக்கிறதே என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும். எதிர்க்கரை வந்ததும் அது நீராகிவிடும்.

10. தொலைமலை

நீர்வண்ணம் பழகியவர்கள் இங்கே பெரிய தூரிகை எடுத்துப் பனிமூட்டமாக ஒரு பூச்சு போடுவார்கள். அது வேறு மரபு. ‘ரோங்ஷி குடி’லில் தொலைமலையும் முன்கரைப் பாறையின் அதே வறண்ட கோட்டால்தான் கட்டப்பட்டிருக்கிறது. மையைச் சற்றே வெளிறவிட்டு, கோடுகளைக் குறைத்து, உருவத்தைப் படுக்கையாக நீட்டுங்கள். அதிகம் வெளிறச் செய்தால் மேல்பாதி எடையிழந்து மிதக்கும்.

சிகரம் கூர்மையாக வேண்டாம். ஒரு தாழ்ந்த மேடு, அதன் பக்கத்தில் அதைவிடத் தாழ்ந்த இன்னொன்று. அடியில் நீர்க்கோட்டைப் படுக்கையாகப் போட்டு முடியுங்கள். அந்தக் கோடு சரிந்தால் ஆறு முழுவதும் சரியும்.

11. உரசலும் மெல்லிய பூச்சும்

எல்லாம் நன்றாகக் காய்ந்தபின், கிட்டத்தட்ட வறண்ட தூரிகையைச் சாய்த்துப் பாறையின் நிழற்பக்கத்தை லேசாக உரசுங்கள். பிரிந்து கிடக்கும் கோடுகள் ஒன்றாகச் சேரும். அப்புறமும் பாறை தட்டையாகத் தெரிந்தால் மட்டும், ஆட்டுமுடித் தூரிகையில் மிக வெளிர் மையைப் பாறையின் அடியில் பூசுங்கள். தேவையில்லை என்றால் விட்டுவிடலாம், பெரும்பாலும் தேவைப்படாது.

12. கடைசிப் புள்ளிகள்

இப்போது எழுந்துவிடுங்கள். படத்தைச் சுவரில் தொங்கவிட்டு, மறுநாள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். குனிந்து வரையும்போது தெரியாத இடங்கள் அங்கிருந்து தெரியும்: மரத்தடி தரையில் ஒட்டாமல் நிற்பது, இரண்டு பாறை சேரும் இடம் குழம்பியிருப்பது, ஒரு விளிம்பு விறைப்பாக இருப்பது. பாசியைக் குறிக்கும் சிறு கரும்புள்ளிகள் இவற்றுக்குத்தான். அடர்ந்த மையில், தூரிகையை நிமிர்த்தி, அந்தந்த இடங்களில் இரண்டு மூன்றாகச் சேர்த்து வையுங்கள்.

சம இடைவெளியில் தூவினால் பாறைக்கு அம்மை போட்டதாகிவிடும். தொலைமலைக்கு மிகச் சில போதும். அடுத்த புள்ளி எதற்கு என்று உங்களால் சொல்ல முடியாதபோது தூரிகையைக் கழுவுங்கள்.

13. எழுத்தும் முத்திரையும்

அறிஞர் ஓவியத்தில் மேலே எழுதும் வரிகளும் படத்தின் பாகம். அன்றே எழுதியாக வேண்டும் என்றில்லை. நி ட்ஸானே 1372-இல் முடித்த இந்த ஓவியத்தில் 1374-இல் மறுபடி எழுதினார். வானத்தின் வெறுமையில், தொலைமலையின் கனம் எந்தப் பக்கம் குறைவோ அங்கே, சிறிய எழுத்தில். உங்களுக்குக் கை பழகிய எழுத்திலேயே எழுதுங்கள். தெரியாத சீன எழுத்தைப் பார்த்து வரைந்தால் அந்தத் தடுமாற்றம் முழுப் படத்துக்கும் ஏறும்.

முத்திரை சிறியதாக, ஒன்றே ஒன்று. செந்நிறப் பசையை நன்றாகக் கிளறி, முத்திரைமேல் பலமுறை லேசாகத் தட்டி ஏற்றுங்கள். ஒருமுறை அழுத்தி எடுத்தால் பசை திட்டுத்திட்டாக ஒட்டும். பதிக்கும்போது கம்பளித் துணியை எடுத்துவிட்டுச் சில தாள்களை அடியில் வையுங்கள், துணி அமுங்கினால் ஓரம் மங்கும். இடத்தை முடிவு செய்ய, முத்திரை அளவில் சிவப்புத் தாள் துண்டு ஒன்றை வைத்து நகர்த்திப் பாருங்கள்.

14. பின்தாள் ஒட்டுதல்

முடிந்த படம் சுருங்கி, அலையலையாக இருக்கும். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். கோதுமை மாவுப்பசையால் பின்தாள் ஒட்டி, பலகையில் இழுத்துக் காயவைத்ததும் தாள் தட்டையாகிவிடும், வறண்ட கோடுகளும் தெளிவாக எழும். சில நாள் காயவிட்டபின் ஒட்டுங்கள் அல்லது ஒட்டித் தருபவரிடம் கொடுங்கள்.

நான்காம் படியில் கோடு போட்டுப் பார்த்த துண்டுத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதே மை, அதே தாள். முதலில் அதை நனைத்துப் பசை தடவி ஒட்டிப் பாருங்கள். கோடு கலங்கவில்லை என்றால் படத்தை எடுங்கள். கலங்கினால் படத்தை ஒட்டாமல் அப்படியே வைத்திருங்கள், அடுத்ததற்குப் புதிதாக மை அரையுங்கள்.